என் கையில் பக்கிரியின் பெயர்

கூலிம்,
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள டாக்டரம்மா ஞானாம்பிகைக்கு,

குழந்தைவேலு எழுதிக்கொள்வது. எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு மன்னியுங்கள். கோடு போட்ட தாள்தான்; எழுத்துகள்தான் கோட்டில் நிற்க மறுக்கின்றன. இந்தப் பக்கத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. எழுபத்துநான்கு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது.

போன வருடம் ஈரல் கிருமி ஆராய்ச்சிக்காக எங்கள் ரப்பர் தோட்டத்துப் பழைய ஆட்களைத் தேடி வந்தீர்கள். நாலு பக்கச் சம்மதப் பாரத்தைப் பொறுமையாகப் படித்துக் காட்டினீர்கள். நான் கட்டைவிரலைத்தான் வைத்தேன். அந்த வெட்கத்தில் கோயில் மண்டபத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். பன்னிரண்டு வார மாத்திரையில் கிருமி போய்விட்டது. பசி திரும்பிவிட்டது, அரிசி சீக்கிரம் தீர்கிறது என்கிறாள் மகள் லோகேஸ்வரி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1971 திருவிழாவில் நாங்கள் நான்கு பேர் ஒரே ஊசியில் பச்சை குத்திக்கொண்டதைச் சொன்னேன் அல்லவா? அந்த ஊசியால்தான் கிருமி வந்திருக்கும் என்றீர்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பெயராவது உடம்பில் இருக்கட்டும் என்று தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி எழுதித் தந்த சீட்டுகளைப் பார்த்துக் குத்தினார்கள். போன வாரம் என் கையை நானே படித்தேன். பக்கிரிசாமி என்று இருக்கிறது! நால்வரில் ஒருவனான பக்கிரியின் சீட்டோடு என் சீட்டு மாறியிருக்கிறது. லோகேஸ்வரியைக் கேட்டால், "நம்ம குலசாமி பேருன்னு நெனச்சேன்பா" என்கிறாள்.

நால்வரில் இருவர் வயிறு வீங்கிப் போய்ச் சேர்ந்தார்கள். தோட்டத்தை விற்றபோது பிரிந்த பக்கிரி நீங்கள் தேடியும் கிடைக்கவில்லை. அவனுக்கும் வயிறு வீங்குவதற்குள் கிடைக்க வேண்டும். அன்று அவனுக்கு அடுத்துதான் நான் உட்கார்ந்தேன். என் பெயர் அவன் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
குழந்தைவேலு (நானே எழுதியது)

மெர்கோங், அலோர் ஸ்டார்,
13 ஆகஸ்ட் 2024

அன்பான குழந்தைவேலு ஐயாவுக்கு,

இந்த வருடம் எங்கள் ஆய்வுக்கு வந்த தாள்களில் உங்கள் கடிதம்தான் மிகப் பெரிய உதவி. படித்து முடிப்பதற்குள், என்னோடு வீடு வீடாக வரும் ரூபினி எழுந்து போய் ஒரு பழைய பாரத்தை எடுத்து வந்தாள். தஞ்சோங் டாவாய் கடற்கரையில் கருவாடு காயவைக்கும் ஒரு பெரியவருடையது. ஐ.சி. அடையாள அட்டையில் பெயர் சாமி என்று மட்டும். அதனால்தான் பக்கிரிசாமியைத் தேடிய எங்களுக்கு அவர் அகப்படவில்லை. பச்சை பற்றிய கேள்விக்கு எதிரே அவள் எழுதியிருப்பது: "கையில் குழந்தைவேலு என்று இருக்கிறது. கேட்டால் தன் பெயர்தான் என்கிறார்."

இரண்டு முறை போயும் அவர் இரத்தம் தரவில்லை. சம்மதமில்லாமல் எடுக்க எங்களுக்கு உரிமையில்லை. மருந்து இருக்கிறது, ஆனால் ஈரல் கெட்டுப்போனபின் அது அவ்வளவாக உதவாது. நீங்கள் பேசிப் பார்க்கிறீர்களா? 29ஆம் தேதி ரூபினி காரோடு வருவாள்.

அன்புடன்,
ஞானாம்பிகை

கூலிம்,
8 செப்டம்பர் 2024

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

சந்தோஷத்தில் எழுத்து முன்பைவிட ஆடுகிறது.

29ஆம் தேதி ரூபினியோடு போனபோது பக்கிரிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டி, சங்கதியைச் சொன்னேன். நம்பாமல் ரூபினியை இரண்டு கையையும் இரண்டு முறை படிக்கச் சொன்னான். அப்புறம் அவன் சிரித்த சிரிப்பில் கருவாட்டுக்கு வந்த காகமெல்லாம் பறந்துவிட்டது.

இரத்தம் என்றதும் முகம் மாறியது. "ஊசியாலதான் வந்துச்சுங்கிறீங்க. அதுக்கு இன்னொரு ஊசியா?" என்றான். கிருமி இருக்கிறது என்று தெரிந்தால் அன்றோடு ஆயுசு முடிந்தது என்று நினைத்திருக்கிறான். நான் பையிலிருந்து காலி மாத்திரை அட்டைகளை எடுத்து அவன் பாயில் பரப்பினேன். "எனக்கும் இருந்துச்சுடா. இப்ப இல்ல" என்றேன். ஒவ்வொரு ஓட்டையிலும் விரலை வைத்துப் பார்த்தான். பிறகு பாரத்தைப் படிக்கச் சொன்னான். ரூபினி நாலு பக்கத்தையும் படித்தாள்.

கட்டைவிரலுக்கு மை நீட்டினாள். தள்ளிவிட்டான்.

"ஏன்டா குழந்த, என் பேரு உன்கிட்டதானே இருக்கு? கைய நீட்டுலா."

என் கையைத் தன் முழங்காலில் வைத்து, பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகப் பாரத்தில் வரைந்தான். அரை மணி நேரம். கை மரத்துப்போனது. நான் அசையவில்லை. அந்தக் கையெழுத்தைப் பார்த்திருப்பீர்கள், என்னுடையதைவிடக் கோணல்தானே?

கிருமி இருக்கிறது, ஈரல் இன்னும் தாங்குகிறது, திங்கட்கிழமை மாத்திரை தொடங்கும் என்று முந்தாநாள் ரூபினி போனில் கூப்பிட்டுச் சொன்னாள். பன்னிரண்டு வாரமும் அவன் எங்கள் வீட்டில்தான். லோகேஸ்வரி இப்போதே அரிசி மூட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். பெயரை எழுதிப் பழக அவனுக்கு என் கை பக்கத்திலேயே வேண்டுமாம்.

அடுத்த வாரம் எழுதுகிறேன். அதில் இரண்டு கையெழுத்து இருக்கும்.

இப்படிக்கு,
குழந்தைவேலு