கருங்குழி மாப்பிள்ளை கேட்கும் கொக்கி

திருக்கழுக்குன்றம்
12.7.2003

அன்பு மகன் ஆபிரகாமுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை ஷாரோன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே உடம்புக்கு எல்லோரும் சுகம், மஸ்கட் வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும் நேரமெல்லாம் ஜெபிக்கிறேன், எனக்கு மனசு மட்டும் ஒரு மாதமாகச் சரியில்லை. முதலில் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். நம் வேனுக்குப் பின்னால் கொக்கி போட நீ சரி என்று சொன்னாயா? உன் அக்கா ஜெசிந்தாவின் புருஷன் ஜெரோம் போன ஞாயிற்றுக்கிழமை வந்தவர், மச்சான் போன்லயே ஓகே சொல்லிட்டாரு அத்தை, நீங்க இன்னாத்துக்கு யோசிச்சுகினு கீறீங்க என்று கேட்கிறார். நீ வெள்ளிக்கிழமைதோறும் பேசுகிறாய், என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போனில் கேட்கலாம் என்றால் கடைக்காரர் போன், தெருவே காது கொடுத்து நிற்கும், உன் அப்பா என் தோளுக்கு மேலே நிற்பார். இப்போது அவர் வண்டிக்குக் காற்றுப் பிடிக்கப் போயிருக்கிறார், அதற்குள் எழுதச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை சொல்வது இதுதான். கருங்குழியில் அவருடைய சவுண்டு சர்வீஸ் இப்போது நன்றாக ஓடுகிறது, மாமல்லபுரத்து ரிசார்ட்டுகளில் கல்யாணம் கச்சேரி என்று வாராவாரம் கூப்பிடுகிறார்களாம். அவருடைய டெம்போ சக்கரம் வைத்த ஜெனரேட்டர் ஒன்றை இழுக்கிறது. இரண்டாவது ஜெனரேட்டரை நம் வேன் இழுக்க வேண்டும். அதற்குக் கொக்கி, பாரம் தாங்கப் பின்பக்கம் ஸ்பிரிங் பட்டையில் கூடுதலாக ஒரு இலை, இழுத்துப் போகும் வண்டிக்கு சிவப்பு விளக்கு எரிய ஒயரிங், எல்லாவற்றையும் சேர்த்து செங்கல்பட்டில் ஒரே பட்டறையில் செய்து தருவார்களாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் திங்கள் முதல் வெள்ளி வரைதானே ஏற்றுகிறீர்கள், சனி ஞாயிறு வண்டி சும்மாதானே நிற்கிறது என்கிறார். சும்மா நின்னா வண்டி துருப்புடிக்கும் அத்தை, ஆளு சும்மா இருந்தா தொப்பை வைக்கும், மாமாவைப் பாருங்க என்று வேறு சொன்னார், அப்பாவும் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இரண்டாவது ஜெனரேட்டரை அவர் எப்போது வாங்கினார் தெரியுமா, ஈஸ்டர் முடிந்த கையோடு வாங்கிவிட்டார். கொக்கியைப் பற்றி நம்மிடம் வாய் திறந்தது இப்போதுதான். இழுக்க வண்டி இருக்கிறது என்ற தைரியம் இல்லாமல் யாராவது அதை வாங்குவார்களா, நீயே யோசித்துப் பார்.

நம் வேனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆயில் மாற்றி, தள்ளுகதவுக்கு கிரீஸ் வைத்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் பார்த்து, பிள்ளையைப் போல்தான் வைத்திருக்கிறோம், ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்ட வேண்டிய எஃப்.சி.யும் வரப்போகிறது. அப்படியிருந்தும் புதிதாகப் போட்ட கிளட்ச் பிளேட் கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததுமே போய்விட்டது. அந்த மெக்கானிக் சீனு டூப்ளிகேட் பிளேட் போட்டு ஏமாத்திட்டான் என்று அப்பா சொன்னார். நான் நம்பி, அவன் ஷெட்டுக்கே போய் நாலு பேர் எதிரில் கத்திவிட்டேன். அவன் பதிலுக்குக் கத்தவில்லை, கழற்றிப் போட்ட பிளேட்டை எடுத்து என் முன்னால் வைத்து, யக்கா இது பசங்களை ஏத்திக் கருகினது இல்ல, எதையோ கட்டி இழுத்துக் கருகினது, வூட்டாண்ட போய்க் கேளு என்றான். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அப்போதும் அவன்தான் பொய் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் ஷாரோன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவதோடு நின்றதிலிருந்து அவள்தானே வேனில் கூடப்போய்க் கதவு திறந்து சின்னப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறாள். பின் பம்பரைக் காட்டினாள். நம் வெள்ளை வண்டியில் பச்சைப் பெயின்ட் ஈஷிக்கொண்டு இருந்தது, அடியில் சேஸ் இரும்புச் சட்டத்தில் சங்கிலி தேய்த்த தடம் பளபளவென்று இருந்தது.

மறுநாளே ஜெசிந்தாவைப் பார்க்கிறேன் என்று சாக்குச் சொல்லி, கருவாடும் கட்டிக்கொண்டு கருங்குழிக்கு பஸ் ஏறினேன். வாசலிலேயே நிற்கிறது ஜெனரேட்டர், பச்சை நிறம், அதன் மூக்கில் நம் வண்டியின் வெள்ளைப் பெயின்ட். உன் அக்காவைக் கேட்டேன், எனுக்கு ஒண்ணியும் தெரியாதும்மா, அடுப்புல குழம்பு கீது என்று உள்ளே போய்விட்டாள். தெரியாதவள் எதற்கு ஓட வேண்டும்? வீட்டுக்கு வந்து அப்பாவைப் பிடித்தேன். மாப்பிள்ளை வாயத் தொறந்து கேட்டுட்டாரு, நான் இன்னா பண்ணட்டும், ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் இழுத்தேன் என்றார். கூடவே ஒரு நியாயமும் பேசினார், சங்கிலி கட்டி இழுத்தால்தான் ஆபத்து, கொக்கி போட்டால் பத்திரம் என்று. ஜெரோமும் இதையே சொல்கிறார். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னால் எனக்கு இன்னும் சந்தேகம்தான் வருகிறது. போய் சீனுவையே கேட்டேன், கேட்க எனக்கு வாய் கூசியது, அவன் டீ வாங்கிக் கொடுத்தான். கொக்கி போட்டா சங்கிலி அறுந்துக்காது, அது நெசம், ஆனா இன்ஜின் அதே சின்ன இன்ஜின்தானே யக்கா, பிரேக்கும் அதேதான், பாலத்துல எறங்கச்சொல்லோ பின்னால இருக்கற பாரம் வண்டியைத் தள்ளும் என்றான். கொக்கி நம் வண்டியில் இருக்கும், அதைப் பிடித்து இழுக்கிற கை கருங்குழியில் இருக்கும், அதுதான் நடக்கும்.

மாப்பிள்ளை முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல நம் பக்கத்தில் வழக்கமில்லை. நானோ அப்பாவோ சொன்னால் அது ஜெசிந்தாவின் சாப்பாட்டுத் தட்டில் போய் விழும். மச்சானுக்கு மச்சான் சொன்னால் கிண்டலோடு கிண்டலாகப் போய்விடும், வண்டியும் உன் பேரில்தான் இருக்கிறது. ஆகையால் நீயே உன் மனதில் தோன்றியது போல ஜெரோமுக்கு ஒரு கடிதம் போடு, பிள்ளைகள் போகிற வண்டி, நாளைக்கு அவசரம் என்று பிள்ளைகளை வைத்துக்கொண்டே இழுக்கத் தோன்றும், அதனால் கொக்கி வேண்டாம் என்று

மேலே வரி பாதியில் நிற்கிறதே என்று பார்க்காதே, ஷாரோன் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுதுடி என்றால் எழுதவில்லை, அழுகிறாள். நேற்று சாயங்காலம் அப்பாவும் இவளும் வண்டியில் நேரம் கழித்து வந்தார்கள், டயர் பஞ்சர் என்று அப்பா சொன்னார். பஞ்சர் இல்லையாம். மாமல்லபுரத்தில் கச்சேரிக்கு நேரமாகிவிட்டது என்று, செங்கல்பட்டில் பள்ளிக்கூடம் விட்டதும் ஜெனரேட்டரைச் சங்கிலியில் கட்டிக்கொண்டு, பிள்ளைகளோடே இழுத்து வந்தார்களாம். அம்மாவாண்ட சொல்லாதே என்று அப்பா இவளிடம் கேட்டுக்கொண்டாராம். எல்.கே.ஜி. பிள்ளைகள் பின்சீட்டில் உட்காருவதுதான் வழக்கம். இவள் அவர்களை எழுப்பி முன்பக்கம் பெரிய பிள்ளைகள் மடியில் உட்காரவைத்துவிட்டு, பின்சீட்டில் தனியாக உட்கார்ந்து, கண்ணாடி வழியாக அந்தச் சங்கிலியைப் பார்த்துக்கொண்டே ஊர் வரை வந்தாளாம். இதை எழுத மாட்டேன் என்றாள், எழுதித்தான் ஆக வேண்டும் என்று சொன்னேன்.

ஆகையால் நீ ஜெரோமுக்கு எழுத வேண்டாம், உன் கடிதம் போய்ச் சேரும் வரை நான் காத்திருக்கப் போவதில்லை. அப்பா வந்ததும் சாவியை வாங்கி வைத்துக்கொள்வேன், நாளை ஆராதனை முடிந்ததும் கருங்குழிக்குப் போய் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்து நானே சொல்வேன். வழக்கமில்லைதான். அவருக்குக் கோபம் வந்தால் வரட்டும், ஜெசிந்தாவை ஏதாவது சொன்னால் அவளையும் கையோடு கூட்டிக்கொண்டு வருவேன். வண்டி திங்கட்கிழமை பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்னால் சீனு பிரேக்கைப் பார்த்துச் சரி என்று என்னிடம் சொல்ல வேண்டும், அதுவரை சாவி கொடுக்க மாட்டேன்.

நீ கவலைப்பட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, வேலைக்குப் போகும்போது தலைக்குத் துணி கட்டிக்கொள், தண்ணீர் நிறையக் குடி. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். அப்பாவிடமோ ஜெரோமிடமோ பேச நேர்ந்தால் ஷாரோன் சொன்னாள் என்று மட்டும் சொல்லிவிடாதே. அம்மா தன் கண்ணால் பார்த்தாள் என்று சொல்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா சந்திரம்மா