அப்பாவும் கைதட்டினார்

ஞாயிறு, இரவு

இன்று மாலை மதுரை கே.கே. நகரில் அண்ணனுடைய தன்வரலாற்றுப் புத்தகத்துக்குக் கலந்துரையாடல். அண்ணன்தான் அப்பாவை முன்வரிசையில் உட்கார வைத்தான். செல்லூரில் முப்பது வருடம் விசைத்தறி ஓட்டியதில் அப்பாவுக்குக் காது போய்விட்டது. எழுதப் படிக்கவும் தெரியாது.

பேசியவர்கள் எல்லாரும் புத்தகத்தில் ஒரே இடத்தைச் சொல்லிச் சொல்லி உருகினார்கள். குடித்துவிட்டு வரும் அப்பா, மகனின் பள்ளிப் புத்தகங்களை அடுப்பில் போடுகிறார். மகன் அன்றைக்கே வீட்டைவிட்டு இறங்கித் தன் வழியைத் தேடிக்கொள்கிறான்.

பாவி. அப்பா குடித்து நான் பார்த்ததே இல்லை. பத்தாவதில் தவறிய கோபத்தில் புத்தகங்களை எரித்தது அவன். வெறுங்கையால் அவற்றை வெளியே இழுத்துப் போட்டவர் அப்பா. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

கடைசியில் ஒரு பெண் எழுந்து, "உங்க அப்பாவ மன்னிச்சிட்டீங்களா சார்?" என்று கேட்டாள்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "எப்பவோ மன்னிச்சிட்டேன்."

அரங்கமே கைதட்டியது. எல்லாரும் தட்டுவதைப் பார்த்து அப்பாவும் தட்டினார், அந்தக் கையால். நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா கேட்டார். "எம்புட்டுப் பேரு கைதட்டுனாக! அண்ணன் என்ன தாயி சொன்னான்?"

அவரிடம் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். பஸ் நிறையக் கூட்டம்.

"உங்களப் பத்தித்தாம்ப்பா பேசுனான்!" என்று கத்தினேன்.

அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் இருந்தவரிடம் மடியில் வைத்திருந்த புத்தகத்தை நீட்டினார். "எம் மகன் எழுதுனது. என்னையப் பத்தி."

அவர் வாங்கிப் புரட்ட ஆரம்பித்தார்.