அப்பாவின் நெஞ்சும் பெரியப்பாவின் டெஸ்டரும்

என் சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சுகமா? இங்கே நாங்கள் இருவரும் சுகம், இந்தத் தடவை அதை ஒப்புக்கு எழுதவில்லை. போனில் சொன்னால் “சரிம்மா, சரிம்மா” என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். “பெரியப்பாதான் சமயத்துல காப்பாத்தினாராமே” என்று நீ உருகியதைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் அளந்ததை அப்படியே நம்பினாயே, உன்னைப் படிக்க வைத்தோமே.

நடந்ததைக் கேள். அப்பாவுக்குத் தலைசுற்றல் ஆரம்பித்து, முடிவெட்டும் கடை நாற்காலியிலேயே ஒருமுறை நினைவு தப்பியது. ஈசிஜியில் ஒன்றும் தெரியவில்லை. கோளாறு வந்து வந்து போகலாம் என்று டாக்டரம்மா, நாள் முழுக்க நெஞ்சோடு இருந்து துடிப்பைப் பதிவு செய்யும் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டி அனுப்பினார். வந்தார் உன் பெரியப்பா. சுவிட்சும் பல்பும் விற்றுத் தலை நரைத்தவர், மின்சாரத்தையே தான்தான் கண்டுபிடித்ததாக நினைப்பு. “இது வெறும் வாயுடா, இந்தப் பெட்டி உடம்புல இருக்கிற சத்தை உறிஞ்சிடும்” என்று ஒயர்களைப் பிய்த்துப் போட்டார். உன் அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். நான் கத்தினேன், “பொம்பளைக்கு என்ன தெரியும்” என்று பெரியப்பா சோபாவில் சாய்ந்துகொண்டார்.

அடுத்த வாரமே அவர் கடைக்கு ஒத்தாசைக்குப் போன இடத்தில், மின்விசிறி அடுக்கிய அலமாரிக்கு முன்னால் அப்பா சரிந்தார். அந்த மகாமேதை என்ன செய்தார் தெரியுமா? முகத்தில் சோடாவைத் தெளித்து, “அசதி, கொஞ்சம் தூங்கட்டும்” என்று விட்டுவிட்டு, வாடிக்கையாளருக்குப் பல்பு எரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். சாப்பாடு கொண்டுபோன நான்தான் பார்த்தேன். உதடு வெளுத்துக் கிடந்தது. கையைப் பிடித்தால் நாடி ஒன்று அடித்து, அடுத்ததை மறந்துவிட்டது போல நின்றது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான். அவர் காப்பாற்றியது பல்பை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இதயத்தின் வலது பக்கம் மேலே ஒரு சின்ன முடிச்சு தானாகவே மின்துடிப்பைக் கிளப்புமாம். அது பரவியதும் மேலறைகள் சுருங்கி ரத்தத்தைக் கீழே தள்ளும். நடுவில் இன்னொரு முடிச்சு அந்தத் துடிப்பை இம்மியளவு நேரம் நிறுத்தி வைக்கும், கீழறைகள் நிரம்ப வேண்டுமே. அப்புறம் அது மெல்லிய இழைகள் வழியாகப் பாய்ந்ததும் கீழறைகள் ஒன்றாகச் சுருங்கும். அப்பாவுக்கு அந்த நடுவழிதான் அடைபட்டிருந்தது. மேலே ஒரு தாளம், கீழே வேறொரு தாளம், அதுவும் ஆமை வேகத்தில். காறையெலும்புக்குக் கீழே ஒரு கருவி வைத்து, ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்கு ஒயர் விட்டால், துடிப்பு தவறும்போது அது தூண்டிவிடும் என்றார். “அந்தப் பெட்டியக் கழட்டாம இருந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கலாம்” என்றும் சொன்னார்.

உடனே உன் பெரியப்பா, “மனுஷன் உடம்புல ஏது கரண்டு? நான் பார்க்காத ஒயரிங்கா? ஷாக் அடிச்சே செத்துடுவான்” என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். உன் அப்பா, “அண்ணன் சொல்றதையும் யோசிக்கணும்” என்று முனகினார். எனக்கு அழுகைகூட வரவில்லை. “நல்லா யோசிங்க, ஆனா யோசிக்கிறதுக்கு மூளைக்கு ரத்தம் போகணும்” என்றேன். கையெழுத்துப் போட்டார்.

கருவி வைத்தாயிற்று. இப்போது மாடிப்படி ஏறுகிறார், முகத்தில் களை வந்துவிட்டது. நேற்றுப் பெரியப்பா கையில் டெஸ்டரோடு வந்து நின்றார். கரண்டு கசிகிறதா என்று அப்பாவின் மார்பில் வைத்துப் பார்க்க வேண்டுமாம்! பிறந்ததிலிருந்து அண்ணனை எதிர்த்து மூச்சு விடாத மனுஷன், இரைந்துகூடப் பேசாமல், “அண்ணே, நீங்க வீட்டுக்குப் போங்க. இது என் உடம்பு” என்றார். பெரியப்பா செருப்பைத் தேடினார், நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் போன பிறகு அப்பா, “ரொம்பப் பேசிட்டேனா” என்று கேட்டார். இன்னும் பேசியிருக்கலாம் என்றேன்.

செல்போனைக் கருவி இருக்கும் பக்கத்துப் பையில் வைக்கக் கூடாதாம், பேசும்போது அப்பாவுக்கு நினைவுபடுத்து. உனக்கு எப்போதாவது கண் இருட்டினால் பல்பு விற்பவரிடம் கேட்காதே, டாக்டரிடம் போ. இருவரும் நோய்நொடி அண்டாமல் நிறைவாக இருங்கள்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத உன் அம்மா