இருகரையூர் மொழிச்சாலைக்கு இலவி ஆசிரியை ஆனது குறித்த ஆணை

வாழ்க வளம்! சேந்தாறு கரை மீறாது ஓடுக, வயல் விளைக, வழிவருவோர் பசியின்றித் திரும்புக.

பொன்னறை நாட்டை முறை தவறாது புரந்தருளும் பெருநற்கோ மாதேவியாரின் திருவாய்மொழிப்படி, அவர்தம் கல்வித்துறை அமைச்சன் மருதங்கோ, எல்லைக் காவலுக்குப் பெயர்பெற்ற இருகரையூரின் சபைத் தலைவர் வயிரமேகனாருக்கும் சபையோர் அனைவருக்கும் விடுக்கும் ஓலை. நலம். உங்கள் நலமும் உங்கள் இல்லத்தார் நலமும் உங்கள் கன்று காலிகளின் நலமும் அறிய அவாவுகிறோம்.

சென்ற புரட்டாசித் திங்களில் நீங்கள் விடுத்த முறையீடு அரண்மனை வந்து சேர்ந்தது. உங்கள் ஊர் மொழிச்சாலையின் தலைமை ஆசிரியை கொற்றியார், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கருவரை நாட்டு மலைமகள் ஒருத்தியை விதிக்கு மாறாக ஆசிரியையாக அமர்த்தினார் என்றும், இருவரையும் நீக்க வேண்டும் என்றும் அதில் கேட்டிருந்தீர்கள். அதற்கு விடை எழுதுமுன்னரே பருவம் முடிந்து கொற்றியாரின் பருவ அறிக்கையும் வந்தது. இரண்டையும் மாதேவியார் திருமுன் படித்தோம். பின்பு நாமே உங்கள் ஊர் வந்து மூன்று நாள் தங்கி, கண்டவரைக் கேட்டு, கேட்டதை எழுதுவித்தோம். நடந்தது இது.

கொற்றியார் அந்தச் சாலைக்குத் தலைமை ஏற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இரு நாட்டு மொழியும் அறிந்தவரைப் படகுத்துறைக்கும் சந்தைக்கும் கோட்டைக்கும் ஆக்கித் தருவதே சாலையின் பணி. ஆண்டுதோறும் தேர்வில் மாணாக்கர் நன்றாகவே எழுதினர். தலைநகரின் பாராட்டும் தவறாமல் வந்தது. ஆனால் ஆடித் திங்களில் ஒருநாள் கொற்றியார் துறைக்குப் போனபோது, மூன்றாண்டு பயின்ற மாணாக்கர் அறுவர் தேன் விற்க வந்த மலைப்பெண் ஒருத்தியைச் சூழ்ந்து நின்று, அவள் மலைமொழியில் சொல்வதில் ஒரு சொல்லும் பிடிபடாமல் விழித்துக்கொண்டிருந்தனர். அவளோ இரு மொழியும் கலந்து பேசி அவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அன்று கொற்றியாருக்குச் சோறு இறங்கவில்லையாம். ஒன்பது ஆண்டுப் பாராட்டும் அந்த ஒரு நாழிகையில் கரைந்துபோனது என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்.

அந்தப் பெண்ணின் பெயர் இலவி. கணவனை இழந்தவள்; எழுத்தறியாதவள். கொற்றியார் அவளைச் சாலைக்கு அழைத்தபோது அவள் மறுத்தாள்.

"அம்மா, எனக்குப் பேசத்தான் தெரியும். பாடம் சொல்லத் தெரியாது."

"பேசு, அது போதும். பாடம் சொல்ல இங்க ஆளு இருக்கு," என்றார் கொற்றியார்.

அயல்நாட்டார் ஆசிரியர் ஆகலாகாது என்னும் விதி இருப்பதை அவர் அறியாதவர் அல்லர். அறிந்தே செய்தேன், குற்றம் என்னுடையது என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவ்விதியை எழுதிய கை, இவ்வோலையை எழுதும் இதே கைதான் என்பதையும் நாம் இங்கே மறைக்கவில்லை.

சாலையின் மூத்த ஆசிரியர் பெருஞ்சாத்தனார் இதைப் பொறுக்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக மலைமொழியை ஏட்டிலிருந்து கற்பித்தவர். அக்கரையில் ஒருநாளும் கால் வைத்திராதவர். இலவி மாணாக்கரை முற்றத்தில் அமர்த்தி, சமைப்பதையும் சண்டையிடுவதையும் மலைமொழியில் செய்து காட்டும்போது, அவர் சாளரத்தைச் சாத்திக்கொள்வார். அவரை நோகச் செய்துவிட்டோமே என்ற வருத்தம் கொற்றியாருக்கு நாள்தோறும் இருந்தது. எனினும் இலவியை அனுப்பிவிட மனம் வரவில்லை.

கார்த்திகைத் திங்கள் ஆறாம் நாள் நண்பகல், வெள்ளம் ஏறியிருந்த ஆற்றைத் தெப்பத்தில் கடந்து மலைநாட்டான் ஒருவன் ஓலை ஒன்றைத் துறைக் காவலரிடம் கொடுத்துவிட்டு உடனே திரும்பினான். அது மலைமொழியில், நம் எழுத்தில் இருந்தது. பெருஞ்சாத்தனார் படித்துப் பொருள் சொன்னார்: அறுபது பேர் வருகிறோம், நாளை விடியலில் உங்கள் அணையைக் கவர்வோம். அக்கரையில் ஆட்கள் திரள்வதும் கண்ணுக்குத் தெரிந்தது. கோட்டைத் தலைவர் வில்லாளர் நாற்பதின்மரை அணைமேல் நிறுத்த ஆணையிட்டார். இவை நீங்கள் அறிந்தவை.

அந்த ஓலையை இலவிக்கும் படித்துக் காட்டச் சொன்னவர் கொற்றியார். கேட்டதும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ, அது கவர்றது இல்லம்மா! கோளுவோம்னு எழுதியிருக்கு. சாயுற பந்தலுக்குக் கால் கொடுத்தா எங்க ஊருல அதைக் கோளுறதுன்னுதான் சொல்லுவோம். பிள்ளையை இடுப்புல தூக்கி வெச்சாலும் கோளுறதுதான். அணையைத் தாங்கிப் பிடிக்க வர்றாங்க!"

"இருபத்திரண்டு வருசமா இந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான் சொல்லிக்கிட்டு வர்றேன். ஏடும் அப்படித்தான் சொல்லுது," என்றார் பெருஞ்சாத்தனார்.

இரு ஆசிரியரும் தலைமை ஆசிரியையின் முகத்தையே பார்த்து நின்றனர். பின்னால் மாணாக்கர் முப்பத்தெண்மரும் நின்றனர். ஏட்டை நம்பினால், உதவ வருவோர் மார்பில் அம்பு பாயலாம். இலவியை நம்பினால், அணையும் அதன்கீழ் உள்ள ஊரும் கைவிட்டுப் போகலாம். கொற்றியார் இரண்டையும் எண்ணிப் பார்த்துவிட்டுக் கோட்டைத் தலைவரிடம் நடந்தார். மலைக்காரி தன் நாட்டாரைக் காப்பாற்றத்தானே பார்ப்பாள் என்று கோட்டைத் தலைவர் கேட்டார். கேட்டதில் பிழையில்லை; அவர் இடத்தில் இருந்தால் நாமும் அதையே கேட்டிருப்போம்.

"அப்படின்னா நானும் அவளோட அக்கரைக்குப் போறேன்," என்றார் கொற்றியார். "அவ சொன்னது பொய்யின்னா முதல்ல விழுறது என் தலைதான். நான் திரும்பி வர்ற வரைக்கும் ஒரு அம்பும் போகக்கூடாது. அதை மட்டும் எனக்குக் கொடுங்க."

கோட்டைத் தலைவர் இசைந்ததும், பொழுது சாயுமுன் இருவரும் படகேறினர். நீந்தத் தெரியாத கொற்றியார் படகின் விளிம்பைப் பற்றியபடி அமர்ந்திருந்தார் என்றும், இலவி வழிநெடுக அவர் கையை விடவில்லை என்றும் படகோட்டி சொன்னான். அக்கரையில் அறுபது பேர் இருந்தது மெய். அவர்கள் கைகளில் இருந்தவை மரக்கழிகளும் மூங்கில் கூடைகளும் கயிறுகளும். மேலே மலை சரிந்து ஓடையை அடைத்திருக்கிறது. அடைப்பு உடைந்தால் ஒன்றிரண்டு நாளில் பெருவெள்ளம் வரும். அணை போனால் உங்கள் ஊரோடு அவர்களின் தாழ்நிலமும் போகும். இதை அவர்கள் இலவியிடம் ஒரே மூச்சில் கொட்டினர். கொற்றியார் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதுவிட்டாராம். அச்சம் விட்டுப்போன அழுகை அது என்று அவரே எழுதியிருக்கிறார்.

விடியலில் கொற்றியாரோடு மலைநாட்டார் ஆறு கடந்தபோது வில்லாளர் வில்லை வைத்துவிட்டுக் கூடை தூக்கினர். இரண்டு பகல் இரு நாட்டாரும் அணைக்குக் கல் சுமந்தனர். ஒரு கூட்டத்துக்கு ஒருவராக மாணாக்கர் நின்று சொல்லை மாற்றிக் கொடுத்தனர். "பிடி", "விடு" என்னும் இரு சொற்களை ஒருவன் மாற்றிச் சொல்லிவிட, கோட்டைத் தலைவரின் காலில் கல் விழுந்தது. கால் இப்போது நலம். மூன்றாம் நாள் வெள்ளம் வந்தது. அணை நின்றது.

பருவத்தின் பிற செய்திகளையும் கொற்றியார் விடவில்லை. முப்பத்தெண்மரில் முப்பத்தொருவர் தேறினர். குயவர் தெருப் பெண்கள் இருவர் முதன்முறையாகத் துறையில் மொழிபெயர்க்க அமர்த்தப்பட்டனர். சந்தையில் அளவைச் சண்டை குறைந்திருக்கிறது. எழுவர் தேறாததற்குத் தாமே பொறுப்பென்றும், எழுத்துப் பயிற்சிக்கு இந்தப் பருவம் நேரம் குறைந்துவிட்டதென்றும் சொல்லியிருக்கிறார்.

இனி, பெருஞ்சாத்தனார். வெள்ளம் வடிந்தபின் அவர் தலைமை ஆசிரியையிடம் வந்து பணியிலிருந்து விடை கேட்டார். வேண்டாம் என்று கொற்றியார் தடுத்தார். ஒரு பிழைக்காக இருபத்திரண்டு ஆண்டை வீசி எறிய வேண்டுமா என்று மன்றாடினார். அவர் கேட்டது அந்த விடை அன்று.

"ஓடிப்போகக் கேக்கலை, கொற்றி. ஒரு வருசம் அக்கரையில போய் இருந்து, காதால கேட்டு வர்றேன். இலவியோட அண்ணன் வீட்டுல இடம் கொடுக்கிறாங்களாம். என் வகுப்பை அவகிட்டக் கொடு. எழுத்தை மட்டும் நீ பார்த்துக்க."

தைத் திங்கள் மூன்றாம் நாள் அவர் படகேறினார். அவரை வழியனுப்பத் துறைக்கு வந்தவர்களில் சபைத் தலைவரே, நீங்களும் இருந்தீர்கள் என்று கேட்டு மகிழ்ந்தோம்.

ஆதலின் மாதேவியார் ஆணை இது. அயல்நாட்டாரைத் தடுக்கும் விதி இன்றோடு நீங்கியது, எழுதியவனே அழித்தான். விதி நடப்பில் இருந்தபோது அதை மீறியதற்காகக் கொற்றியார் கண்டிக்கப்படுகிறார். அந்தக் கண்டிப்பு இந்த ஒரு வரியோடு முடிந்தது. அவர் தலைமையில் தொடர்வார். இலவி, இரண்டாம் ஆசிரியை. அவள் எழுத்துக் கற்பதும் கற்காததும் அவள் விருப்பம். பெருஞ்சாத்தனாரின் இடம் அவர் திரும்பும்வரை அவருக்கே உரியது. சாலையின் சொல்லேட்டில் கோளுதல் என்னும் சொல்லுக்கு இரு பொருளும் எழுதப்படுக. எந்த ஊரில் எந்தப் பொருள் என்பதும் உடன் எழுதப்படுக.

இன்னும் ஒன்று. மலைநாட்டார் தம் பிள்ளைகள் பதினொருவரை நம் மொழி கற்க அனுப்ப இசைந்துள்ளனர். பங்குனி முதல் நாள் அவர்கள் உங்கள் துறையில் இறங்குவர். தங்க இடமும் உண்ண உணவும் சபையின் பொறுப்பு. சபையோர் அனைவரும் துறைக்கு நேரில் வந்து வரவேற்க வேண்டும்; வரவேற்கும் சொல்லை மலைமொழியிலேயே சொல்ல வேண்டும்; அதை முன்னதாக இலவியிடம் கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டும். பிழையாகச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்தால் நீங்களும் சேர்ந்து சிரிக்க வேண்டும். இதுவும் அரசாணையே.

நாவல் இலை பொறித்த அரச முத்திரை இட்டு, மருதங்கோ கைச்சாத்து. ஊர் கூடிய இடத்தில் உரக்கப் படிக்கப்படுக, படித்தபடி நடக்க.