பெட்ரோல் குடித்த கார்க்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: போன மாதம் குற்றாலத்து மதுக்கடை வரிசையில் நின்றேன். சாரலுக்குத் தலையில் துண்டு போட்டிருந்தேன். ஆள் தெரியாது என்று நினைப்பு. என் முறை வந்ததும், "பாட்டில் வேண்டாம், கார்க் மூடி மட்டும் கிடைக்குமா?" என்றேன். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்பம்லாம் திருகு மூடிதான் அண்ணாச்சி. ஏற்கெனவே எங்கயோ போட்டுட்டு வாரீயளோ?"

நான் தென்காசி வந்து சேர்வதற்குள் சேதி வீட்டுக்கு வந்துவிட்டது. அன்று சாப்பாடு வைக்கும்போது தட்டுதான் பேசியது, என் வீட்டுக்காரி பேசவில்லை.

எல்லாம் உன்னால், கூட்டாளி. இதை எழுதுகிற கையில்கூட ஆயில் கலந்த பெட்ரோல் வாடை, சோப்புக்கும் மசியாமல் நிற்கிறது. உன் சட்டையில் எப்போதும் இருந்த அதே வாடை.

தூத்துக்குடிப் பழைய சாமான் கடையில் அந்தப் படகு மோட்டாரை வாங்கி நீ பஸ்ஸில் ஏற்றியது நினைவிருக்கிறது. "என்ன அண்ணாச்சி, மாவாட்டுத மிசினா?" என்று கண்டக்டர் கேட்டார். "கப்பல் இன்ஜின்" என்றாய், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அதன்பிறகு ஊர் வரும்வரை அவர் உன்னிடம் மரியாதையாகவே பேசினார்.

அதை ஓடவும் வைத்துவிட்டோம். தண்ணீர் டிரம்மில் மாட்டிக் கயிற்றை இழுத்தால் தெரு நாய்கள் திசைக்கொன்றாய் ஓடும். மிச்சம் இருந்தது பெட்ரோல் டாங்கில் அளவு காட்டும் முள் ஒன்றுதான். டாங்குக்குள் கம்பி நுனியில் ஒரு கார்க் மிதக்க வேண்டும். அது ஏறினால் முள் ஏறும். அந்தக் கார்க்கோ வயதாகிப் பெட்ரோலைக் குடித்துக் கனத்து, அடியில் படுத்துவிட்டது. டாங்க் ததும்பினாலும் முள் காலி என்றது. நீ புதிதாகச் செதுக்கி, அரக்கு வார்னிஷ் பூசிப் போட்டாய். ஏறிய முள் சில நாளில் இறங்கியது. மறுபடி செதுக்கினாய். "முள்ளு மட்டும் சரியாயிட்டா எல்லாம் முடிஞ்சுதுலே" என்றாய். முள் சரியாகவில்லை. அதற்குள் நீ முடிந்துவிட்டாய்.

காரியமெல்லாம் ஆன பிறகு உன் வீட்டுக்காரி, என் மைனி, என்னைக் கூப்பிட்டார்.

"கொழுந்தனாரே, அவுக இத்தன வருசமா சொன்ன வார்த்தைக்காகப் பாக்கேன். ஆடி பொறக்கதுக்குள்ள முள்ளு ஏறி நிக்கணும். இல்லைன்னா பழைய இரும்புக்காரனை வரச் சொல்லிருவேன். எனக்கு அங்கன வாஷிங் மெஷின் வைக்கணும்."

உன் கப்பல் இன்ஜின் நின்ற இடத்தில் துணி துவைக்கும் மிசினா! விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

முதலில் உன் வழியிலேயே அரக்கு பூசிப் போட்டேன். மூழ்கியது. அடுத்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றிப் போட்டுவைத்துக் கவனித்தேன். மறுநாள் அரக்கு கருப்பட்டிப் பாகு மாதிரி அடியில் இறங்கிக் கிடந்தது. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள் அல்லவா? அது சாராயம், அரக்கைக் கரைக்கிற சரக்கே அதுதான். உன் கைவேலையில் ஒரு குறையும் இல்லை, ஐயா. உன் கார்க்குகளுக்குக் குடிப்பழக்கம், அவ்வளவுதான்.

மதுக்கடை கைவிட்டதும் பேட்மிண்டன் கிளப்பில் தேய்ந்த இறகுப் பந்துகளைக் கேட்டு வாங்கினேன். அவற்றின் தலை நல்ல கார்க். இறகைப் பிய்க்கப் பிய்க்கக் கூடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பறந்தது. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா கோழி அடிச்சிருக்கீயளா?" என்று என் வீட்டுக்காரி அலறினாள். மூன்று தலைகளை உடனடிப் பசையால் சேர்த்து ஒட்டி, அரக்குக்குப் பதில் அதே பசையை மேலெல்லாம் பூசினேன். கார்க்கோடு என் இரண்டு விரலும் சேர்ந்து ஒட்டிக்கொண்டன. அந்தக் கோலத்தில் உன் வீட்டுக்குத்தான் ஓடினேன். நகப்பூச்சு அழிக்கும் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு மைனி விரலைப் பிரித்துவிட்டார்.

"அவுகளுக்கு வாய்ச்ச சேக்காளியைப் பாரு" என்றார். நீ போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பசை காய்ந்த பிறகு அதைக் கம்பியில் கோர்த்து டாங்கில் இறக்கி, பெட்ரோல் ஊற்றினோம். முள் ஏறியது. நான் நம்பவில்லை, நீ பட்டதையெல்லாம் பார்த்தவன். தினமும் போய்ப் பார்த்தேன். மைனி என்னை முந்திக்கொண்டு முள்ளின் மேலிருக்கும் கண்ணாடியைச் சுண்டிப் பார்ப்பார். ஆடி முதல் தேதியும் முள் அசையாமல் நின்றது. மைனி மோட்டாரை உன் பழைய துண்டால் துடைத்து, நெற்றி மாதிரி இருந்த இடத்தில் திருநீறு பூசினார். வாஷிங் மெஷின் கொல்லைப்பக்கம் போனது.

"மிதக்குறது மிதக்கும்லே, நீ கைய எடுக்காத" என்பாய் என்னிடம். எடுக்க மாட்டேன். மாதம் ஒருமுறை டாங்கைத் திறந்து கார்க்கைப் பார்ப்பேன். ஊறினால் மறுபடி பிய்ப்பேன், மறுபடி ஒட்டுவேன், விரல் உட்பட. உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த சொத்து இந்தப் பிடிவாதம்தான். வாடை உபரி.

நேற்று மைனி கேட்டார்: "சரி கொழுந்தனாரே, இனி இதை எதுல மாட்டி ஓட்டப் போறீய?"

அப்போதுதான் உறைத்தது. நம்மிடம் படகு கிடையாது.