அசைக்கக் கூடாது என்கிறாள் உன் அத்தை

திருச்செங்கோடு,
செவ்வாய்க்கிழமை.

என் மகள் சுகன்யாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தி இனியாவும் தோகாவில் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. இங்கே நாங்கள் இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போன் உங்கப்பாவிடம்தான் இருக்கிறது, அத்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசவிடுகிறார், அதனால் நாளைக்கு அங்கே வரும் உஷாராணி கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

போர் போடும் ரிக் வண்டியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன உன் தம்பி செங்கோடனுக்கு, கோயமுத்தூரில் அவன் இடுப்பெலும்பிலிருந்தே ஸ்டெம் செல் எடுத்து முதுகில் ஊசி போட்டார்கள் அல்லவா, நடந்தே தீருவான் என்று டாக்டர் சொல்லவில்லை, பத்து நாள் கழித்து தினமும் பயிற்சி செய்யாவிட்டால் ஊசி போட்டும் பலனில்லை என்றுதான் சொன்னார், நான் பக்கத்தில் நின்று கேட்டேன். ஆனால் அங்கம்மாள் அத்தை, "நட்ட குச்சிக்கிழங்குக் குச்சிய ஆட்டி ஆட்டிப் பாத்தா வேர் புடிக்குமாண்ணா" என்று கேட்டாள், உங்கப்பாவும் தலையாட்டிவிட்டு, பயிற்சி கொடுக்க வந்த ஜெயப்பிரியாவை வாசலோடு அனுப்பிவிட்டார். பையனும் கட்டிலில் கிடந்து கிடந்து கால் குச்சியாக இளைத்துவிட்டான். உன் கல்யாணத்தில் என் அண்ணன் கொண்டுவந்த சீர்த்தட்டைக் கடைசியில் வைக்கச் சொன்னவள்தானே அவள், அன்றைக்கு அவள் கட்டியிருந்த மாம்பழக் கலர் புடவை வரைக்கும் எனக்கு மறக்கவில்லை.

நேற்று அத்தை தன் மகளுடைய பிரசவத்துக்குக் குமாரபாளையம் போய்விட்டாள். உங்கப்பா தோட்டத்துக்குப் போனதும் ஜெயப்பிரியாவை நானே கூப்பிட்டேன். இரண்டு காலுக்கும் பட்டை கட்டி, இடுப்பில் பெல்ட் போட்டு, கட்டில் ஓரம் அவனைத் தூக்கி நிறுத்தினாள். முதுகு வலியில் என்னைத் திட்டினான், திட்டட்டும். கீழே பார்க்காதீங்கண்ணா என்று அந்தப் பிள்ளை சொல்ல, சுவரைப் பார்த்தபடியே, "அம்மா, காலு தரையில இருக்குதா?" என்று கேட்டான். "இருக்குது சாமி" என்றேன்.

அம்மிணி, பிறக்கிற குழந்தைக்குத் தொட்டில் போட்டதும் அத்தை திரும்பிவிடுவாள். அதற்குள் உங்கப்பாவிடம் நீ பேசு. நான் சொன்னால் நாத்தனார் சண்டை என்பார், நீ சொன்னால் டாக்டர் சொன்னது என்று கேட்பார். இனியாவுக்கு எண்ணெய் தேய்க்க மறக்காதே. மூவரும் நூறு வயசு நல்லா இருங்கள். தம்பியிடம் பேசும்போது எப்படி இருக்கிறாய் என்று கேட்காதே, இன்றைக்கு நின்றாயா என்று கேள்.

இப்படிக்கு, அவனைத் தினமும் நிறுத்தப்போகும் உன் அம்மா,
கந்தம்மாள்.