ஏழாம் வீட்டுப் பின்சுவர்

இன்று காலை எங்கள் லயத்து வரிசை வீடுகளின் முற்றத்தில் சுண்ணாம்பு நீற்றினார்கள். ட்ரம்முக்குள் கல் கொதித்து எழும்போது வருமே, சூடும் ஈரமுமாக நெஞ்சை அடைக்கும் ஒரு வாசனை, அது எங்கள் வாசல்வரை வந்தது. கையிலிருந்த குடத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். உடம்புக்கு முடியவில்லையா என்று அம்மா கேட்டாள். தலையை ஆட்டினேன். அது ஆமாமா இல்லையா என்று அவளுக்குப் புரியவில்லை. என் தலையாட்டலைப் புரிந்துகொள்ள இந்த எஸ்டேட்டில் இருந்தவள் நீ ஒருத்திதான்.

ஆறாம் வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்துதான் நான் பள்ளியை விட்டேன். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று வீட்டில் சொன்னது எனக்கு நல்ல சாக்காகப் போயிற்று. நீயும் அதே வருஷம் நின்றாய். நம் பக்கத்தை இடுக்கி ஜில்லா என்று எல்லோரும் புதிதாகச் சொல்லத் தொடங்கிய வருஷம் அது. பிறகு கொழுந்து எடுக்கப் போனபோது எனக்கும் சேர்த்து நீயே பேசினாய். கூடை கேட்டது நீ. அட்டைக் கடிக்குப் புகையிலை வாங்கித் தந்ததும் நீதான். நான் உன் பின்னால் நின்றேன்.

மேல்காட்டில் ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கீழே காட்டினாய். பன்னிரண்டு கதவுள்ள நம் லயம், அதன் தகரக்கூரை, சுற்றிலும் சரிவு முழுக்கத் தேயிலை. "ஏட்டி, நல்லா பாரு. லயமும் நேரா வெட்டு, தேயிலயும் நேரா வெட்டு. ஒரே ஆளு ஒரே கயித்தப் பிடிச்சு ரெண்டயும் வெட்டிருக்கான். மல மட்டும் அவன் சொன்னத கேக்கல, வளைஞ்சே கெடக்கு" என்றாய். நான் பார்த்தேன். எனக்கு லயம்தான் தெரிந்தது, தேயிலைதான் தெரிந்தது.

அன்று சாயங்காலமே உங்கள் ஏழாம் வீட்டுக்குள், பின்சுவரில் படம் போடத் தொடங்கிவிட்டாய். அடுப்புக்கரியைக் கஞ்சியில் குழைத்துக் கறுப்பு. ரோட்டோரம் வெட்டிய மேட்டிலிருந்து சிவப்பு மண். பச்சைக்குக் கொழுந்தை அரைத்தாய், இரண்டே நாளில் அது பழுப்பாகிவிட்டது. பழுப்பே நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டாய். அதில் மரம் இல்லை, ஆள் இல்லை, வீடு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. நேராகப் போகும் கறுப்புக் கோடுகள், நடுவில் பன்னிரண்டு சந்து. போகப்போகக் கோடுகள் வளைந்து மலையாகிவிடும். எந்த இடத்தில் சுவர் முடிந்து சரிவு தொடங்கியது என்று விரலை வைத்துத் தேடுவேன். ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை. ஆனாலும் அதன் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு மூச்சு இலகுவாக வரும்.

அடுத்த வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏ பிள்ள, மயிலு கிளின்னு போட்டாலும் பாக்க லெச்சணமா இருக்கும். இது என்னட்டி, கரித்துணி வச்சுத் தொடச்ச மாதிரி?"

"மயிலு இங்க எங்க வருது பெரியம்மா? நம்ம வீட்டுக்கு வாரது அட்டதான். வேணும்னா ஒங்க செவுத்துல நாலு அட்ட போட்டுத் தாரேன்."

"எடு வெளக்கமாத்த!" என்று அவள் கத்தினாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

ஆனி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் மூணாறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் வந்தது. போர்வையைச் சுற்றி உன்னை ஏற்றும்போது என் கையைப் பிடித்தாய். "கீழ் மூல பாக்கி கெடக்கு, வந்து போடணும். கஞ்சி இன்னும் காயல. யாரையும் சாய விடாதட்டி." இவ்வளவுதான் கடைசியாகச் சொன்னாய். அதே ஜீப்பில் உன்னைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

உன் அம்மாவால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. வேலையை விட்டுவிட்டுத் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டாள். மழை நின்றதும் வேறு டிவிஷனிலிருந்து ஒரு அக்கா உன் வீட்டுக்குக் குடிவந்தாள். யாரும் குடிவரும்முன் வெள்ளையடிப்பது வழக்கம். அதற்கு அனுப்பியது என்னைத்தான்.

மூன்று சுவரை முடித்துவிட்டு உன் சுவர் முன்னால் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையோடு நின்றேன். அக்கா சட்டி பானைகளை உள்ளே கொண்டுவந்துகொண்டிருந்தாள்.

"இது யாரு போட்டது? இங்கன இருந்து செத்துப்போன பிள்ளயா?"

தலையசைத்தேன். அவள் பானையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரையே பார்த்தாள்.

"என்னன்னு தெரியல. ஆனா பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு. இந்தச் செவுத்த மட்டும் விட்டுருவமா? நீ என்னம்மா சொல்லுத?"

என்னைக் கேட்டாள். எஸ்டேட்டில் யாரும் கேட்காத என்னைக் கேட்டாள். ஆறாம் வகுப்பில் நின்றதுபோலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளாகவே ஒன்று நினைத்துக்கொண்டாள். "கூட்டாளியா ஒனக்கு? பாக்கப் பாக்க வெசனமாத்தான் இருக்கும். சரிம்மா, அடிச்சிரு." பரிவோடுதான் சொன்னாள்.

அடித்தேன். சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது எதையும் மறைக்காது, உனக்குத் தெரியும். முழுச் சுவரும் அடித்து முடித்த பிறகும் உன் கோடுகள் அத்தனையும் அப்படியே தெரிந்தன. அப்போதாவது அக்காவைக் கூப்பிட்டிருக்கலாம், ஒரு துணியாவது நனைத்துத் துடைத்திருக்கலாம். மட்டையைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். மேலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. முதலில் மலை போயிற்று. பிறகு பன்னிரண்டு சந்தும் ஒவ்வொன்றாக. நீ பாக்கி வைத்த மூலை எது என்றுகூடப் பிறகு தெரியவில்லை.

தம்பியின் பழைய நோட்டில் அதை நான் போட்டுப் பார்த்தேன். லயம் வருகிறது, தேயிலை வருகிறது. ஒன்று மற்றதாகும் இடம் வரவில்லை. மேல்காட்டில் நின்று கீழே பார்த்தாலும் எனக்குத் தகரமும் செடியும்தான் தெரிகின்றன. நீ பார்த்ததைப் பார்க்க இந்த மலையில் இனி ஆள் இல்லை. பார்த்துப் போட்டு வைத்ததையும் நான் இருக்கவிடவில்லை.

அக்கா இன்றும் என்னைக் கண்டால் சிரிக்கிறாள். அவளிடம் அன்று சொல்லாததுதான் என்னிடம் மிச்சம் இருக்கிறது. "விட்டுருங்கக்கா." கொழுந்து எடுக்கும்போது, ஓடையில் துணி அலசும்போது, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொல்லிப் பார்க்கிறேன். குரல் நன்றாகத்தான் வருகிறது.